ஓய்வுநேரக் குறிப்புகள்: வாழைமர நோட்டு



பழைய அஞ்சல்தலைகளைப் பற்றிச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர், "அஞ்சல்தலை இருக்கட்டும், எங்கள் பாட்டனார் மலேயாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் நோட்டுகள் டிரங்குப் பெட்டியின் அடியிற் கிடக்கின்றனவே, அவற்றிற்கு ஏதேனும் மதிப்புண்டா?" என்று கேட்டனர். விமான் நகரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம்மவருள் மலேயா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளோடு இரண்டு மூன்று தலைமுறைத் தொடர்புடைய குடும்பங்கள் உண்டு. ஆதலின் சில வீட்டார் கேட்ட கேள்விக்குப் பல வீட்டாருக்கும் பயன்படுமாறு விடைகூற முற்படுகின்றோம்.

விடையின் முற்பாதியை உடனே சொல்லிவிடலாம். அந்நோட்டுகளின் பணமதிப்பு 1945-ஆம் ஆண்டிலேயே போய்விட்டது. சேகரிப்போர் சந்தையிலும் அவற்றுட் பெரும்பாலானவை சில நூறு ரூபாய்க்கு மேல் விலைபோவதில்லை. ஏனெனில் அவை அளவின்றி அச்சிடப்பட்டவை. பிற்பாதி இதுதான்: அவற்றை எறிந்துவிடவும் வேண்டா, விலைபேச ஒருவர் வந்தார் என்பதற்காக விற்றுவிடவும் வேண்டா. காரணத்தை விளக்கச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

போர் வந்ததும் சில்லறை மறைந்தது

நாட்டிற் போர் மூண்டால் முதலில் மறைவன வெள்ளியும் செம்புமே. நாளை என்ன நேருமோ என்னும் அச்சத்தால் மக்கள் வெள்ளி நாணயத்தை மண்ணிற் புதைப்பர். அரசோ செம்பையும் நிக்கலையும் படைக்கலத் தொழிற்சாலைகளுக்குத் திருப்பிவிடும். கடைத்தெருவில் ஒரு படி உப்பு வாங்கவும் சில்லறை இராது. அப்போது அரசுகள் தாளை நாடுகின்றன. இவ்வாறு நெருக்கடியிற் பிறந்தவையே போர்க்கால அவசர நோட்டுகள்.

நம் நாட்டில் ஒரு ரூபாய் நோட்டு முதன்முதலில் வெளிவந்ததே முதல் உலகப் போரின்போதுதான். 1917-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் அது வந்தது. அதனைத் தொடர்ந்து இரண்டு ரூபாய் எட்டணா என்னும் விந்தையான மதிப்பிலும் ஒரு நோட்டு வெளியிடப்பட்டது. செலவுக்கேற்ற பயனில்லை என்று 1926-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு இவை நிறுத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போர் வந்தபின், 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு ரூபாய் நோட்டு மீண்டும் தலைகாட்டியது. இரண்டு ரூபாய் எட்டணா நோட்டையும் மீண்டும் கொணர எண்ணி, பின் அதனைக் கைவிட்டு, 1943-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இரண்டு ரூபாய் நோட்டை வெளியிட்டனர். அதே 1943-இல் வந்ததுதான் நம் பாட்டிமார் நன்கறிந்த ஓட்டைக் காலணா. நடுவில் துளையிட்டுச் செம்பை மிச்சப்படுத்திய காசு அது.

நாம் இப்போது வாழும் மேற்கிந்தியப் பகுதியிலும் அதனைச் சார்ந்த சுதேச சமஸ்தானங்களிலும் நெருக்கடி இன்னும் கடுமையாக இருந்தது. ஜூனாகட், மோர்வி, கோண்டல், பிக்கானீர், பூந்தி முதலிய சமஸ்தானங்கள் காலணா, அரையணா, ஓரணா என்று சிறு அட்டைத் துண்டுகளை அச்சிட்டு, காசுக்கு மாற்றாக வழங்கின. நம் விமான் நகரின் பெயருக்குக் காரணமான லோஹகாவ் விமானத்தளமும் அக்காலத்தின் படைப்பே. பிரிட்டிஷ் விமானப்படைக்காக 1939-இல் அஃது அமைந்தது.

இலங்கையில் 1942-இல் வந்த ஐந்து சத நோட்டு மிக்க சுவையுடையது. அஞ்சல்தலைத் தாளைப் போல நடுவே துளைவரிசை இட்டு, ஒருபுறம் இரண்டு சதம், மறுபுறம் மூன்று சதம் என்று அச்சிட்டிருந்தனர். முழுதாகக் கொடுத்தால் ஐந்து சதம். கிழித்துக் கொடுத்தால் இரண்டோ மூன்றோ சதம். ஒரு தாளைக் கிழிப்பதே சில்லறை மாற்றுவதாயிற்று! இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய இத்தாள்கள் எவ்வளவு எளிய தோற்றமுடையனவாயினும், போர் முடிந்த மறுநாள் செல்லாக்காசாகிவிடவில்லை என்பதை நேயர்கள் மனத்திற் கொள்க. வெளியிட்ட அரசே அவற்றுக்குப் பொறுப்பேற்று நின்றது. இனிச் சொல்லப்போகும் நோட்டுகளின் கதை அதற்கு நேர்மாறானது.

மலேயாவில் வந்த தாள்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தபாருவிற் கரையேறியது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. படைவீரனோடு கூடவே நோட்டும் வந்தது. ஏனெனில் படையெடுப்புக்கு முன்னரே அதனை அச்சிட்டு ஆயத்தமாக வைத்திருந்தனர். எந்த நாட்டுக்கு எந்த நோட்டு என்பதை அறிய ஆங்கில எழுத்தொன்றை அடையாளமாக இட்டனர். மலேயாவுக்கு 'எம்', பர்மாவுக்கு 'பி', பிலிப்பைன்சுக்கு 'பீ' என்று ஒலிக்கும் மற்றோர் எழுத்து, டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளுக்கு 'எஸ்', பசிபிக் தீவுகளுக்கு 'ஓ'. பெட்டியிலுள்ள நோட்டு எந்நாட்டது என்று இவ்வெழுத்தைக் கொண்டே அறியலாம்.

மலேயாவின் பத்து டாலர் நோட்டில் குலைதள்ளிய வாழைமரம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. அதனால் இந்நோட்டுகள் அனைத்துக்குமே வாழைப்பெயர் வழங்கலாயிற்று. ஒரு சதம் முதல் பத்து டாலர் வரையிலேயே முதலில் நோட்டுகள் இருந்தன. 1944-இல் நூறு டாலர் நோட்டு வந்தது. 1945-இல் ஆயிரம் டாலர் நோட்டு வந்தது. விலைவாசி எவ்வாறு ஏறிற்று என்பதை அறிய வேறு சான்று வேண்டுமோ? அச்சகத்தில் தாள் ஓடஓட, கடையில் அரிசி ஓடி ஒளிந்தது. போரின் கடைசி மாதங்களிற் கடைக்குச் செல்வோர் நோட்டைப் பையில் நிறைத்துச் சென்று, பண்டத்தைக் கையிற் பிடித்துத் திரும்பினர் என்று அந்நாட்களை அறிந்த முதியோர் கூறுவதுண்டு.

நூறு டாலர் நோட்டுகளுள் ஒரு வகையில் இரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் வேலைசெய்யும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. அதனைக் காணும்போதெல்லாம் நம் மனம் கனக்கும். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய அத்தொழிலாளருட் பெரும்பாலோர் தஞ்சை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு, இராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற நம்மவரல்லரோ? கப்பற்போக்குவரத்து நின்றது, இரப்பர் வாங்குவாரில்லை, தோட்டங்கள் படுத்தன. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. ஊருக்கு மணியார்டர் அனுப்பும் வழி 1941-ஆம் ஆண்டு இறுதியோடு அடைபட்டது. ஈட்டிய கூலியை ஊருக்கு அனுப்பவும் இயலாது. வைத்திருப்பினும் நாளுக்கு நாள் அது கரையும். இவ்வாறு சேர்ந்த தாள்களே இன்று நம் பெட்டிகளின் அடியிற் கிடப்பன.

நாம் இருப்புப்பாதைத் துறையிற் சோறுண்பவர். ஆதலின் மற்றொன்றையும் சொல்லாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை ஒன்றை அமைத்தனர். அதற்குக் கூலியும் உணவும் உறைவிடமும் தருவதாகச் சொல்லித் தோட்டங்களில் ஆள் சேர்த்தனர். வாராதவரை வலிந்தும் கொண்டுசென்றனர். பல்லாயிரம் தமிழர் சென்றனர். காலராவாலும் பசியாலும் அவர்களுட் பெருந்தொகையினர் அக்காட்டிலேயே மாண்டனர். வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அங்கே உள. நம்மவருட் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை. அவர்கள் வாழ்ந்த காலத்திற்குச் சாட்சி சொல்லப் பல குடும்பங்களில் எஞ்சியிருப்பது இத்தகைய தாள் ஒன்றே.

1945-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பிவந்தனர். வந்தவுடன், ஜப்பான் நோட்டு செல்லாது என்று அறிவித்தனர். முதல்நாள் வரை அதைத் தவிர வேறு பணம் வைத்திராத ஏழை மறுநாட் காலை வெறுங்கையனானான். குழந்தைகள் அதனைக் காற்றாடி செய்து விளையாடின என்பர். ஆயினும் எங்கோ ஒரு தாய், ஒருகால் மீண்டும் செல்லுபடியாகுமோ என்னும் நம்பிக்கையால், ஒரு கட்டை மட்டும் சேலைத்தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறாள். நம்மிடம் வந்து சேர்ந்தது அந்நம்பிக்கையே.

பர்மாவில் இருமுறை

பர்மாவில் ஜப்பானியர் ரூபாய்க் கணக்கிலேயே நோட்டு வெளியிட்டனர். பர்மா 1937 வரை இந்தியாவோடு இணைந்திருந்தமையால், மக்களுக்கு ரூபாயே பழக்கம். 1942-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக நாலைந்து இலட்சம் இந்தியர் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். கப்பல் கிடைக்காதோர் அரக்கான் வழியாகவும் மணிப்புரி வழியாகவும் நடந்தே வந்தனர். அங்கேயே தங்கிவிட்டோர் மூன்றாண்டுக் காலம் ஜப்பான் ரூபாயிற் குடும்பம் நடத்தினர்.

நேதாஜியின் அழைப்புக்கு இணங்கி மலேயாவிலும் பர்மாவிலும் நம்மவர் தாலி முதற்கொண்டு கழற்றிக் கொடுத்ததும் இக்காலத்திலேதான். 1944-ஆம் ஆண்டு ஏப்ரலில் இரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி திறக்கப்பட்டது. அவ்வங்கியின் நோட்டு என்று கூறி இந்நாளிற் பல தாள்கள் விலைபேசப்படுகின்றன. அவற்றுட் பலவற்றை அறிஞர் ஐயத்துடனே நோக்குகின்றனர். நேதாஜியின் திருவுருவத்தைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுதல் தகாது.

1945-இல் பர்மா மீட்கப்பட்டபோது, இந்திய நோட்டுகளின்மேலேயே 'பர்மா இராணுவ நிர்வாகம், பர்மாவில் மட்டும் செல்லும்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் மேலச்சிட்டு வழங்கினர். இந்தியாவின் நோட்டு அச்சகம் நம் மகாராட்டிரத்து நாசிக் ரோட்டில் உள்ளது என்பதை நேயர்கள் அறிவர். இவ்வகை நோட்டு வைத்திருப்போர் அதனைத் தனியே பாதுகாக்க.

பர்மாவில் வாழ்ந்த தமிழருக்குத் துன்பம் அதனோடு முடியவில்லை. 1964-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் அந்நாட்டு இராணுவ அரசு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாதென்று அறிவித்தது. ஆதலின் பர்மாவிலிருந்து வந்த குடும்பப் பெட்டியில் இருவகைத் தாள்கள் இருக்கக்கூடும். ஒன்று போரினால் மாய்ந்தது. மற்றொன்று அமைதிக்காலத்தில் மாய்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துக் குழப்பிக்கொள்ளலாகாது.

கடனைத் தீர்த்த காகிதம்

நோட்டு செல்லாமற்போனதால் ஏழைக்கு மட்டுமே இழப்பு என்று நினைத்தல் வேண்டா. மலேயாவிலும் பர்மாவிலும் காரைக்குடி, தேவகோட்டைப் பகுதி நகரத்தார் கொடுக்கல்வாங்கல் நடத்திவந்ததை யாவரும் அறிவர். போருக்கு முன் நல்ல டாலரிற் கடன் வாங்கியவர், போர்க்காலத்தில் வாழைமர நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்து, "கணக்கைத் தீர்த்துக்கொள்க" என்றனர். அந்நோட்டை வாங்க மறுப்பது ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாவதாகும். ஆகவே வாங்கி, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தனர். போர் முடிந்ததும் கையில் மிஞ்சியது காகிதம்.

'தீர்ந்த கடன் தீர்ந்ததுதானா?' என்னும் வழக்குகள் நீதிமன்றங்களை நிரப்பின. இறுதியில் 1948-ஆம் ஆண்டு மலேயாவில், ஆக்கிரமிப்புக்காலக் கடன்களைப் பற்றியே தனிச் சட்டம் ஒன்று இயற்ற வேண்டுவதாயிற்று. ஜப்பான் நோட்டின் உண்மை மதிப்பு காலப்போக்கில் எவ்வாறு தேய்ந்தது என்று படிப்படியான அட்டவணை ஒன்றை அச்சட்டம் வகுத்தது. அதன்படியே பழைய கணக்குகள் அளக்கப்பட்டன. கடன் கொடுத்தவர்பால் இரக்கம் கொள்வோரும் உண்டு. வாங்கியவர்பால் இரக்கம் கொள்வோரும் உண்டு. இருவரும் ஒரே தாளால் இடர்ப்பட்டனர் என்பதே நாம் கருதுவது.

எண், தேதி, கையொப்பம்

அலுவலகத்தில் எழுத்தராயிருப்பவர்க்கு ஒரு பழக்கம் படிந்துவிடும். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் எண் உண்டா, தேதி உண்டா, கையொப்பம் உண்டா என்றே கண் முதலிற் பார்க்கும். வாழைமர நோட்டை அவ்வாறு பார்ப்போம். முதலில் வந்த சிலவற்றில் வரிசை எண் இருந்தது. பின்னர் அதுவும் நின்று, எழுத்துக்கள் மட்டுமே அச்சாயின. தேதி இல்லை. ஒரு மனிதரின் கையொப்பம் இல்லை. செந்நிற முத்திரை ஒன்றே உண்டு. ஆனால் 'ஜப்பானிய அரசாங்கம் கேட்டவுடன் கொடுப்பதாக வாக்களிக்கிறது' என்னும் வாசகம் மட்டும் பெரிய எழுத்தில் விளங்கும். எண்ணும் தேதியும் இல்லாத பயணச்சீட்டை நாம் எவ்வளவு நம்புவோம்?

அக்காலத்து இந்திய நோட்டை எடுத்துப் பாருங்கள். வரிசை எண் உண்டு; ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் உண்டு. 1943-இல் அப்பதவி ஏற்ற முதல் இந்தியரான சி. டி. தேஷ்முக் அவர்களின் கையொப்பத்தைப் போர்க்கால நோட்டுகளிற் காணலாம். ஜப்பானியர் இந்திய நோட்டைப் போலவே கள்ள நோட்டு அடித்து விட முயன்றபோது, மன்னரின் பக்கவாட்டு முகத்தை நேர்முகமாக மாற்றினர்; நீர்க்குறியை மாற்றினர்; தாளினுள் பாதுகாப்பு இழையையும் முதன்முதலாக வைத்தனர். ஒரு தாளைக் காக்க இவ்வளவு பாடுபடுவது, அதில் எழுதிய வாக்கைக் காக்கும் எண்ணம் உள்ளவர்க்கே உரியது.

பிலிப்பைன்சின் கதை இதனினும் தெளிவு தரும். அங்கே காடுகளில் மறைந்து போரிட்ட கொரில்லாப் படையினரும் ஊர்க்குழுக்களும் தம் கையிற் கிடைத்த தாளில், பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளிற்கூட, நோட்டு அச்சிட்டு வழங்கினர். அவற்றை வைத்திருப்போர்க்கு ஜப்பானியர் கடுந்தண்டனை விதித்தனர். ஜப்பானியரின் நோட்டோ வழவழப்பான தாளில் அழகாக அச்சிடப்பட்டது. போர் முடிந்தபின் அழகிய நோட்டு குப்பைக்குச் சென்றது. பழுப்புத் தாளுட் பலவற்றை அந்நாட்டு அரசு ஏற்றுப் பணம் கொடுத்தது. ஹாங்காங் மக்கள் தம் டாலரைக் கொடுத்து ஜப்பானிய இராணுவ யென் வாங்குமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அத்தாளை அரைநூற்றாண்டு காத்துவைத்து டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்காடியும் பயனில்லை; 1999-இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

ஆக, நோட்டின் உறுதி தாளிலும் மையிலும் இல்லை. மக்களுக்குப் பதில்சொல்ல வேண்டியவர் எவரேனும் அதன் பின்னே நிற்கின்றாரா என்பதில் உள்ளது. அவ்வாறு எவரும் நில்லாத நோட்டை நம்பி வாழ நேர்ந்த மக்களின் வாழ்வுக்கு அந்நோட்டே சான்று. பெட்டியில் உள்ளதைக் காத்துவைக்க வேண்டும் என்று நாம் சொல்வது இதன்பொருட்டே.

சேகரிப்போர் கவனத்திற்கு

இனி, இத்துறையில் ஈடுபட விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள். நம் சேகரம் சிறியது. ஒரே ஓர் ஆல்பத்துள் அடங்குவது. ஆயினும் சில ஆண்டுப் பழக்கத்திற் கண்டவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, குறைந்த செலவில் தொடங்கலாம். புனேயில் ஜூனா பஜார் எனப் பெயர்பெற்ற பழம்பொருட்சந்தை உண்டு. சேகரிப்போர் சங்கத்தார் நடத்தும் காயினெக்ஸ் கண்காட்சி உண்டு. சென்னைக்குச் செல்வோர் மெட்ராஸ் காயின் சொசைட்டியாரை அணுகலாம். வாங்குமுன் பலமுறை பார்த்துக் கண்ணைப் பழக்குக. மும்பைக் கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கி 2004-இல் நிறுவிய நாணயக் காட்சிச்சாலை, குடும்பத்தோடு சென்று பார்க்கத் தக்கது.

இரண்டாவது, சாதாரண நோட்டையும் அரிய நோட்டையும் பிரித்தறிக. மலேயா நோட்டுகளில் எழுத்து மட்டும் உள்ளது மலிவு. வரிசை எண் உள்ளது அதனினும் அரிது. 'மாதிரி' என்னும் பொருளுடைய ஜப்பானிய எழுத்துக்கள் சிவப்பில் மேலச்சிடப்பட்டவை மேலும் அரியவை. அரிதானதற்கே போலியும் மிகுதி.

மூன்றாவது, பெட்டியில் உள்ளதை அழகுபடுத்த முயல வேண்டா. கிழிந்த நோட்டுக்குச் செலோடேப் ஒட்டுவதும், சலவைப்பெட்டியால் தேய்ப்பதும், பளபளப்புக்காக லாமினேஷன் செய்வதும் அதனைக் கொல்வதே. ஒட்டும் பசை நாளடைவில் மஞ்சளித்துத் தாளை அரித்துவிடும். மைலார் என்னும் தெளிந்த உறையில் ஒவ்வொன்றாக வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க. நம் ஊர் மழைக்காலத்தில் அலமாரியின் அடித்தட்டு ஈரங்கோக்கும்; ஆதலின் மேல்தட்டே ஏற்றது. ஆண்டுக்கு இருமுறையேனும் எடுத்துப் பார்த்து, வெள்ளிப்பூச்சி புகாமற் காக்க.

நான்காவது, இது மிக முக்கியம்: கைப்பேசியில் வரும் ஆசைவார்த்தையை நம்ப வேண்டா. "பழைய நோட்டுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம்; முதலில் பதிவுக்கட்டணமும் வரியும் செலுத்துக" என்று ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டி ஏமாற்றுவோர் பெருகிவிட்டனர். பழைய நோட்டு, நாணயம் வாங்கும் விற்கும் தொழிலில் தனக்குத் தொடர்பே இல்லை என்றும், எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்துள்ளது. விற்பவன் பணம் பெறுவான், பணம் கட்டமாட்டான். வீட்டிலுள்ள முதியோர்க்கு இதனை நேயர்கள் எடுத்துச்சொல்லுதல் வேண்டும்.

நோட்டோடு வைக்க வேண்டிய தாள்

ஒரே வகை நோட்டு ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டு நோட்டு எத்தோட்டத்தில் யார் கைக்கு வந்தது என்னும் செய்தி உங்கள் வீட்டில் மட்டுமே உள்ளது. அச்செய்தி நீங்கினால் அந்நோட்டு சந்தையில் கிடக்கும் ஆயிரத்துள் ஒன்றாகிவிடும். அச்செய்தியை அறிந்தவரோ நாள்தோறும் குறைந்துவருகின்றனர். போர்க்காலத்திற் பத்து வயதுச் சிறுவராக இருந்தோர்க்கு இப்போது வயது தொண்ணூற்றைக் கடந்துவிட்டது.

ஆதலின் இவ்வாரமே ஒரு காரியம் செய்க. வீட்டில் முதியோர் இருப்பின் அவர் அருகில் அமர்ந்து, ஊரில் இருப்பின் தொலைபேசியில் அழைத்து, பின்வருவனவற்றைக் கேட்க. யார், எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து கடல்கடந்தனர்? எந்தத் தோட்டத்தில் அல்லது கடையில் வேலை பார்த்தனர்? ஜப்பான்காரன் காலத்தில் என்ன உண்டனர்? குடும்பத்தில் எவரேனும் சயாம் இரயில் வேலைக்குச் சென்றனரா, திரும்பினரா? இந்நோட்டு செல்லாதென்று தெரிந்தும் ஏன் எடுத்துவைத்தனர்? விடைகளை அவர் சொன்னபடியே, அவர் சொற்களிலேயே, தனித்தாளில் எழுதுக. நோட்டின்மேல் ஒரு புள்ளியும் வைக்க வேண்டா. எழுதிய நாளையும், சொன்னவர் பெயரையும், எழுதியவர் பெயரையும் கீழே குறித்து, நோட்டின் உறையோடு சேர்த்து வைக்க.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் நிலப்பத்திரம் இராது. பரம்பரை வீடு இராது. பல குடும்பங்களில் ஒரு நிழற்படமும் இராது. நம் குழந்தைகள் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசி இவ்வூர்ப் பிள்ளைகளாகவே வளர்கின்றனர், அது நன்றே. எனினும், தம் கொள்ளுப்பாட்டன் எங்கோ ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பொய்யாய்ப்போன பணத்தைக் கூலியாகப் பெற்று, அதன் பின்னும் மனம் தளராமல் குடும்பத்தைக் கரையேற்றினான் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். அதனைக் கையிற் கொடுத்துச் சொல்ல அந்நோட்டைப் போல் உதவுவது பிறிதில்லை.

இவ்வாறு எழுதி முடித்த அன்பர்கள் அதன் படி ஒன்றைச் சங்கத்துக்குத் தந்துதவினால், அவர்கள் இசைவோடு இப்பகுதியில் வெளியிடுவோம். நோட்டைக் கொடுக்க வேண்டா. அது வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.